சாதாளை குப்பையல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் கடற்கரைத் துப்புரவுப் பணி பற்றிய செய்தியையும் படத்தையும் பார்த்தேன். வெயிலில் குனிந்து போத்தல்களையும் பொலித்தீனையும் பொறுக்கிய பிள்ளைகளை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் உழவு இயந்திரப் பெட்டியில் அந்தப் போத்தல்களுக்கு மேலே கரும்பச்சையாகக் குவிந்து கிடந்தது, கடலில் வளர்ந்து கரையொதுங்கும் சாதாளை. அதையும் சேர்த்து 'கழிவு' என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவள். சின்ன வயதில் அப்பாவோடு பரவைக் கடலில் முழங்கால் தண்ணீரில் நடந்து போவேன். நீட்டுச் சாதாளை ஒன்றை வேரோடு பிடுங்கி என் கையில் தருவார். இலை நாடா மாதிரி, கிட்டத்தட்ட என் உயரம் இருக்கும். அடித்தண்டைச் சுற்றிக் கறுத்த தும்பு விறைப்பாக நிற்கும். சில நாள்களில் தண்ணீரின் மேலே வெள்ளை வெள்ளையாய் அரிசிக் குறுணல் போல ஏதோ மிதந்து வரும். அது அதன் ஆண் பூ என்பது உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அடியில் அரும்பி, காம்பிலிருந்து அறுந்து மேலே வந்து, தண்ணீரோடு மிதந்துபோய்ப் பெண் பூவைச் சேருகிறது. நாம் பொதுவாகச் சாதாளை என்று சொல்வதில் பெரும்பகுதி பாசியே அல்ல, கடற்புல். வேரும் பூவும் காயும் விதையும் உள்ள செடி.

நம் கூழ்ப் பானைக்குள் விழும் நண்டும் இறாலும் குஞ்சாக ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். ஒட்டி மீன் அதை மேய்கிறது. கடற்பசு ஒன்று நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் தின்னும். உலகக் கடலடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இடத்தில் மட்டும் வளரும் கடற்புல், கடல் ஆண்டுதோறும் அடிமண்ணில் புதைக்கும் காபனில் சுமார் பத்தில் ஒரு பங்கைப் புதைக்கிறது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

புல்லுக்கு வெளிச்சம் வேண்டும். பாக்கு விரிகுடாவும் நம் பரவைக் கடலும் ஆழம் குறைந்தவை என்பதால்தான் இங்கே இவ்வளவு புல். படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி, பலகையும் சங்கிலியுமாக அடியை உழுதுகொண்டு போனால் அகப்பட்ட புல் மட்டும் போவதில்லை. கிளம்பும் சேறு, தப்பி நிற்கும் புல்லின் மேலும் படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். இழந்த இடத்தில் திரும்ப நடலாமே என்று கேட்பார்கள். நடலாம், உலகில் பல இடங்களில் நட்டிருக்கிறார்கள். அழித்த காரணம் அப்படியே இருக்கும் இடத்தில் நட்டது நிலைப்பதில்லை.

இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. அக்கரையான தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகுகளைப் பற்றி நாம் கோபப்படுவது நியாயம். நம் கரையிலிருந்தே இழுவைமடியோடு போகிறவர்களைப் பற்றியும் அதே குரலில் பேச வேண்டும். மார்ச் 1ஐ உலகக் கடற்புல் தினமாக்க ஐ.நா.வில் தீர்மானம் கொண்டுவந்ததும் இலங்கைதான். 2022 மே மாதம் அது நிறைவேறியது. அதே ஆண்டு செப்டெம்பரில் தமிழ்நாட்டு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. தினத்தைக் கேட்டு வாங்கிய நாட்டில், நம் பரவைக் கடலில் புல் எங்கே எவ்வளவு நிற்கிறது என்று வரைந்த படம் ஒன்றை நம் பிள்ளைகளின் பாடசாலைச் சுவரில் நான் இன்னும் பார்க்கவில்லை. கடலட்டைப் பண்ணைக்கு நான் எதிரானவள் அல்ல. அட்டை மண்ணைத் தின்று துப்புரவாக்கும் உயிர். ஆனால் பண்ணை வேலிக்குக் கம்பு நடுவதற்கு முன்பு அந்த இடத்தில் புல் இருக்கிறதா என்று இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, கரைக்கு வந்த சாதாளையை என்ன செய்வது? விட்டுவிடலாம். அது மணலை அலை இழுக்காமல் பிடித்துக்கொள்ளும், பறவைகளுக்கு அதற்குள் இரை இருக்கும். மிஞ்சினால் தென்னையடிக்குப் போடுவோம். அப்பா அதற்கு முன்பு எப்போதும் அதைக் காலால் புரட்டிப் பார்ப்பார். இலை மட்டும் என்றால் பேசாமல் நடப்பார், புல் தானாகக் கழித்தது அது. வாடைக் காற்றுக் காலத்தில் வேரோடு வந்தால் அலை பிடுங்கியிருக்கும். கடல் குளம் போலக் கிடக்கும் நாளில் வேரோடு வந்தால் "ஆரோ உழுதிட்டாங்கள்" என்பார்.

உங்கள் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் தொங்கிய சாதாளையில் கறுத்த தும்பு தெரிந்தது. கடந்த வாரம் முழுவதும் இங்கே காற்றே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று உங்கள் நிருபர் அந்தக் கரைத் தொழிலாளர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டைதீவு.