உருக்கும் முன் ஓர் அச்சு எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியப் பிரபுக்கள் சேர்த்து வைத்த செதுக்குக் கற்கள், அதாவது உருவமோ எழுத்தோ வெட்டிய சிறு மணிக்கற்கள், பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு பொருளைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது அரிது. எழுதியவருக்கு என் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரை முழுவதும் வாங்கியவர்களின் ரசனையைப் பற்றியே பேசுகிறது. வெட்டியவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தச் சேகரிப்புகள் சிதறிய பிறகும் அவற்றைப் பற்றி நமக்கு எப்படித் தெரிகிறது என்பதும் இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் பரம்பரையாகப் பத்தர் (பொற்கொல்லர்) தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால் இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. நம் ஊரில் இன்று நடந்துகொண்டிருக்கும் ஓர் இழப்போடும் இவற்றுக்குத் தொடர்பு இருக்கிறது.

மார்ல்பரோவின் 4-ஆம் டியூக் ஜார்ஜ் ஸ்பென்சரின் குடும்ப ஓவியத்தை நீங்கள் வெளியிட்டிருந்தீர்கள். ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ் வரைந்த அந்தப் படத்தில் டியூக்கின் கையில் ஒரு கேமியோ கல், அதாவது உருவம் புடைத்து நிற்கும்படி செதுக்கிய கல், இருக்கிறது; மூத்த மகனின் கையில் கற்கள் வைக்கும் சிவப்புப் பேழை. பரம்பரை பரம்பரையாக இவை நம் வீட்டிலேயே இருக்கும் என்ற நம்பிக்கை அந்தப் படம் முழுவதும் தெரிகிறது. நடந்தது என்ன? 1875-இல் 7-ஆம் டியூக் மொத்தச் சேகரிப்பையும் 35,000 கினிக்கு விற்றார். 1899-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. கிரேக்கக் கதைக் காதலர்களான எரோசுக்கும் சைக்கிக்கும் நடக்கும் திருமணச் சடங்கைக் காட்டும் புகழ்பெற்ற கேமியோ இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் அந்தச் சேகரிப்பில் என்னென்ன இருந்தன என்று அறிஞர்கள் மறுபடி தொகுக்க முடிந்தது. 2009-இல் ஜான் போர்ட்மேனும் மற்றவர்களும் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள். பழைய பட்டியல்களும் கற்களிலிருந்து எடுத்த அச்சுகளும் எஞ்சியிருந்ததால் கைகூடிய வேலை அது.

அச்சு எடுப்பதை ஒரு தொழிலாகவே நடத்தியவர் ஜேம்ஸ் டாஸி. ஸ்காட்லாந்தில் கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கியவர். கண்ணாடிக் குழம்பைக் கொண்டு செதுக்குக் கற்களின் படிகளை வார்க்கும் முறையை அயர்லாந்தில் ஒரு மருத்துவரோடு சேர்ந்து உருவாக்கி, லண்டனில் கடை வைத்தார். 1791-இல் ராஸ்பே என்பவர் தயாரித்த அவருடைய பட்டியலில் 15,000-க்கும் மேற்பட்ட கற்களின் படிகள் இடம்பெற்றிருக்கின்றன. ரஷ்யப் பேரரசி கேத்தரின் அவரிடம் முழுத் தொகுப்பையும் வரவழைத்தார். இத்தனைக்கும் அந்த அம்மையாரிடம் அசல் கற்களுக்குப் பஞ்சமில்லை. ஆர்லியன்ஸ் டியூக்கின் சேகரிப்பை 1787-இல் அப்படியே வாங்கியவர் அவர். ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் நம் பினாங்குத் தீவில் இறங்கியதற்கு மறு ஆண்டு அது.

வெட்டியவர்களுக்கு வருகிறேன். இந்தக் கற்களைச் சிற்றுளியால் செதுக்க முடியாது. இவற்றில் பல சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்; அது சாதாரண எஃகை விடக் கடினமானது. கல்லை அரக்கில் பதித்து, சுழலும் சிறு சக்கரத்தின் நுனியில் எண்ணெயில் குழைத்த வைரப்பொடியோ குருந்தப்பொடியோ தடவி, மயிரளவு மயிரளவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். முத்திரைக் கல்லாக இருந்தால் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிக் குடைய வேண்டும். மூக்கு எவ்வளவு உயர்ந்து நிற்க வேண்டுமோ அவ்வளவு பள்ளம் போக வேண்டும். அடிக்கடி மெழுகில் அழுத்திப் பார்த்தால்தான் முகம் சரியாக வருகிறதா என்று தெரியும். பொன்னில் எழுத்து வெட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பொன்னில் கை தவறினால் திருத்தலாம். கல்லில் தவறினால் அதுவரை பட்ட பாடெல்லாம் போய்விடும்.

இவ்வளவு திறமை உள்ளவர்களை அந்தப் பிரபுக்கள் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஸ்டானிஸ்லாவ் போனியடோவ்ஸ்கியின் கதையே போதும். போலந்தின் கடைசி அரசருடைய அண்ணன் தம்பி வழி மகன் இவர். 2,500-க்கும் அதிகமான கற்கள் இவரிடம் இருந்தன. பழங்காலக் கவிஞர்களான ஹோமர், வர்ஜில், ஓவிட் ஆகியோரின் கதைக் காட்சிகள் அவற்றில் இருந்தன. பலவற்றில் பழங்காலக் கிரேக்கக் கலைஞர்களின் கையெழுத்தும் இருந்தது. மகா அலெக்சாண்டருக்குக் கல் வெட்டிய பிர்கோடெலஸ், ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முத்திரையை வெட்டிய டியோஸ்கூரிடீஸ் போன்ற பெயர்கள். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை இத்தாலியில் அவர் காலத்திலேயே வாழ்ந்த கைவினைஞர்கள் அவருக்காகச் செதுக்கியவை. 1833-இல் அவர் இறந்தார். 1839-இல் லண்டனில் ஏலம் நடந்தது. ஜான் டிரெல் என்பவர் 1,000-க்கும் மேற்பட்ட கற்களை வாங்கினார். அவை பழையவை அல்ல என்ற சர்ச்சை வெடித்ததும் விலை சரிந்தது. அவமானம் தாங்காத சேகரிப்பாளர்கள் செதுக்குக் கற்கள் அனைத்தையுமே சந்தேகிக்கத் தொடங்கினார்கள்.

அதே கல், அதே வேலைப்பாடு. நேற்று அதைக் கையில் ஏந்தி வியந்தவர்கள் இன்று முகம் சுளித்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. செத்துப் போனவனின் பெயரைத் தன் உழைப்பின் மேல் வெட்டிக் கொடுத்த அந்த ரோமாபுரிக் கைவினைஞனை நினைத்துப் பாருங்கள். ஜியோவான்னி காலாந்திரெல்லி போன்ற ஒரு சிலரின் பெயர்தான் பிற்பாடு தெரியவந்தது. இன்று அந்தக் கற்களை ஆராய்ச்சியாளர்கள் நவசெவ்வியல் காலத்தின் சிறந்த படைப்புகளாக மதித்துத் தேடுகிறார்கள். கற்கள் உலகம் முழுவதும் சிதறிவிட்டதால் அவர்களுக்குத் துணை நிற்பவை அந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட பிளாஸ்டர் அச்சுகளே.

அச்சும் படமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்டில் உலகமே பார்த்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 2,000 பொருள்கள் காணாமலோ திருடப்பட்டோ சேதப்பட்டோ போயின என்ற செய்தி வந்தது. அவற்றில் பல செதுக்குக் கற்களும் நகைகளும். நிறையப் பொருள்கள் தனித்தனியாகப் பதிவு செய்யப்படாமலே கிடந்தவை. இணையத்தில் விற்பனைக்கு வந்த சிலவற்றைப் பார்த்து 2021-லேயே எச்சரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு பழங்கல் வணிகர். படம் பதிவாகியிருந்த கல்லை அவரால் அடையாளம் காட்ட முடிந்தது. பதிவே இல்லாத கல்லுக்கு யார் சாட்சி?

இனி நம் ஊர். செதுக்குக் கல் ஏதோ ஐரோப்பியச் சமாசாரம் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. நமக்குத் தெற்கே, பேராக் கடற்கரையில் உள்ள கோலா செலின்சிங்கில் சூதுபவள முத்திரை ஒன்று கிடைத்தது. பல்லவர் எழுத்து வகையில் ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. நமக்கு வடக்கே தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குலோங் தோம் என்ற இடத்தில் ஒரு பொற்கொல்லரின் உரைகல், அதாவது பொன்னை உரசி மாற்றுப் பார்க்கும் கல், கிடைத்திருக்கிறது. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ (பெரும்பத்தனின் கல்) என்று வெட்டியிருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் தன் உரைகல்லில் பெயர் பொறித்து வைத்திருந்த தொழிலாளி அவர். எங்கள் தொழிலில் எனக்குத் தெரிந்த மிகப் பழைய பெயர் அதுதான். எந்த டியூக்கின் பேழையில் உள்ள கல்லையும் விட அந்தச் சிறு கருங்கல்லை நான் பெரிதாக மதிக்கிறேன்.

என் தந்தை பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில் (வட்டித்தொழில் நடந்த கடைகளில்) இருந்த செட்டியார்களுக்கு விலாச எழுத்துகளை (பெயரின் முதலெழுத்துகளை) இடவலம் மாற்றி மோதிரத்தில் வெட்டிக் கொடுத்தவர். தோட்டத்துக் கங்காணிகள் வேல் வெட்டச் சொல்வார்கள், சிலர் மயில் கேட்பார்கள். மசூதிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அரபு எழுத்து வெட்டிய அகிக் (அகேட்) கல்லைக் கொண்டுவந்து வெள்ளியில் பதிக்கச் சொல்வார்கள். இப்படி எத்தனையோ பத்தர்கள் இந்த ஊரில் வெட்டிய மோதிரங்கள் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன, அல்லது இருந்தன. தங்கம் விற்கும் விலையில் அவை இப்போது நகைக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சென்ற ஆண்டு ஒரு கடையில் நான் இருந்தபோது ஒரு பெண்மணி தம் பாட்டனாரின் முத்திரை மோதிரத்தைக் கொண்டுவந்தார். மூன்று எழுத்து விலாசம், கீழே பூ வேலை. எழுத்தின் உள்முனைகள் கூடச் சுத்தமாக நின்ற முதல்தரமான வெட்டு. மெழுகில் ஒரு முறை அழுத்தி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் சம்மதித்தார். கடைக்காரர் நேரமில்லை என்று சொல்லிவிட்டார். மாற்றுப் பார்த்து, எடை போட்டு, பணம் எண்ணிக் கொடுத்தார்கள். அந்த மோதிரம் எப்படி இருந்தது என்று சொல்ல இன்று ஒரு புகைப்படம் கூட இல்லை.

விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்பவரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. விற்பதற்கு முன் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் மண்ணை உருட்டித் தட்டையாக்கி, மேலே சிறிது முகப்பவுடர் தூவி, மோதிரத்தை நேராக அழுத்தி நேராகவே எடுங்கள். எழுத்து நேராகப் படிக்கும்படி பதிந்திருக்கும். அந்தப் பதிவையும் மோதிரத்தையும் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் வெட்டு தெரியாது. முத்து, பவளம், பெரோசா என்னும் நீலப்பச்சைக் கல் பதித்தவற்றை மண்ணில் அழுத்த வேண்டாம், படம் மட்டும் போதும். யாருடையது, எந்த ஊரில் செய்தது, பத்தர் யார் என்பது தெரிந்தால் எழுதி வையுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய தங்கம் வாங்கும்போது எடையையும் மாற்றையும் குறித்துக்கொள்கிறீர்கள். வெட்டு வேலை உள்ள உருப்படியாக இருந்தால் விற்பவரின் அனுமதியோடு ஒரு படமும் எடுத்துவிட்டு உருக்குங்கள். ஜார்ஜ்டவுனின் கட்டடங்களுக்கு 2008 முதல் உலகப் பாரம்பரியத் தகுதி இருக்கிறது; ஒரு சன்னலை மாற்றவும் அனுமதி கேட்கிறோம். அந்தக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து வேலை செய்தவர்களின் கைவேலை கேட்பாரற்றுத் தங்கம் உருக்கும் மூசைக்குள் போகிறது.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் நான் கேட்பது இது. ஞாயிறு பதிப்பில் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். வாசகர்கள் அனுப்பும் முத்திரை மோதிரப் படங்களை, வீட்டு முகவரி இல்லாமல், வெட்டிய பத்தரின் பெயர் தெரிந்தால் அந்தப் பெயரோடு வெளியிடுங்கள். முதல் படமாக என் தந்தை தமக்கென்று வெட்டிக்கொண்ட மோதிரத்தின் அச்சை இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்தர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு