அது வெற்றிலைக் கறை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கோடை இணைப்பிதழில் வந்த காரில் ஊருக்குப் போகும் கட்டுரையைப் படித்தேன். பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் தாண்டி எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சொந்தபந்தமெல்லாம் கூடும் விருந்துக்கு வந்து போனதை ஒருவர் எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு வரி. வெற்றிலைக் கறை படிந்த பற்களைக் காட்டி ஆயா, அதாவது பாட்டி, சிரித்ததும் பயணக் களைப்பெல்லாம் பறந்துவிட்டதாம். அதற்கு மேல் கொஞ்ச நேரம் எனக்குப் படிக்க ஓடவில்லை.

அந்த ஆயா வெற்றிலை போடுகிறவராகவே இருக்கட்டும். தருமபுரி மாவட்டத்தில் பல்லில் கறை என்றால் முதலில் தண்ணீரைத்தான் கேட்க வேண்டும் என்பது பத்திரிகை நடத்தும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாறைக்குள் ஊறி போர்வெல்லில் ஏறும் தண்ணீரில் ஃப்ளோரைடு. பல் முளைக்கும் வயதில் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு வரும் பழுப்புக் கறை, எந்தப் பற்பசை போட்டுத் தேய்த்தாலும் போகாது. காய்ச்சிக் குடியுங்கள் என்று வெளியூர்க்காரர்கள் யோசனை சொல்வார்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போய்விடுமா என்ன? இதற்காகத்தானே ஜப்பான் கடன் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-இல் திறந்தார்கள். எங்கள் தெருக்குழாயில் அந்தத் தண்ணீர் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் பழைய போர்வெல்தான்.

என் மாமியார் ஒரு நாளும் வெற்றிலை தொட்டதில்லை. என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனார்களுக்கும் அதே கறை. சித்திரையில் எல்லோரும் கூடியிருந்தபோது, பெங்களூரிலிருந்து வந்த நாத்தனார் பேரன் மாமியார் மடியில் உட்கார்ந்துகொண்டு, "ஆயா, நீங்க பிரஷ் பண்ணவே மாட்டீங்களா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும். எல்லோரும் சிரித்தார்கள், மாமியாரும் சிரித்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அன்று முழுக்க அந்த முந்தானை கீழே இறங்கவே இல்லை. கட்டுரையாளர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அதற்குக் கிராமத்து வெட்கம் என்று பெயர் வைத்திருப்பார்.

அப்புறம், ஊர் போய்ச் சேர்ந்தால் யாருக்கும் எந்த வேலையும் இல்லை, மாமரத்தடியில் பாய் விரித்தால் பொழுது போய்விடும் என்று எழுதியிருக்கிறார். மெத்தச் சரி. பாய் விரித்தவர்களுக்குப் பொழுது போயிருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் விறகடுப்புக்கு முன்னால் நானும் என் ஓரகத்தியும் நின்றதை எந்தப் படத்தில் போடுவீர்கள்? களிக்கு நொய்யைக் கொதிக்கவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, அது வெந்ததும் ஒருத்தி பானையை அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தி கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். ஆறுவதற்குள், கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உருட்ட வேண்டும். இத்தனையும் ஆன பிறகு பிள்ளைகள் வந்து நூடுல்ஸ் இருக்கிறதா என்று கேட்கும். பெரியவர்கள் களியைப் படம் எடுத்துக்கொண்டு, "அண்ணி, சோறு கொஞ்சம் வடிச்சிருக்கலாமே" என்பார்கள். விருந்தில் களி இல்லையென்றாலும் அவர்களே குறை சொல்வார்கள்.

வெயிலுக்குப் பயந்து இரவில் வண்டி ஓட்டுங்கள் என்று பெட்டிச் செய்தியில் ஒரு குறிப்பு வேறு. சேலம், கோயம்புத்தூர் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடப்பட்டு, பிரேக் பிடிக்காமல் பின்னால் வரும் லாரிக்கு முன்னால் குழந்தை குட்டிகளோடு கார் போகும். 2024 ஜனவரியில் அங்கே பாலத்தின் மேல் லாரி மோதி நான்கு பேர் போனது உங்கள் ஏட்டிலேயே வந்திருக்கும். எங்கள் சின்னக் கொழுந்தனார் ராத்திரிதான் கிளம்புவார், சொன்னால் கேட்கமாட்டார். இரட்டைப் பாலம் தாண்டிவிட்டோம் என்று போன் வரும் வரை இந்த வீட்டில் விளக்கு அணையாது. அந்தக் குறிப்பை எழுதியவர் தொப்பூர் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

கார் இல்லாதவர்களைப் பற்றிக் கட்டுரையில் மூச்சே இல்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வெள்ளைக்காரன் காலத்தில், 1906-இல் ரயில் ஓடியது. உலகப் போர் நடந்த சமயம், 1941-இல் அதை நிறுத்தினார்கள். அந்த 36 கிலோமீட்டரை மறுபடி போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். சென்னையிலிருந்து வரும் என் மகள் இன்றைக்கும் மொரப்பூரில் இறங்கி, பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குத்தான் நிற்கிறாள். கிருஷ்ணகிரியைக் கேட்கவே வேண்டாம், மாவட்டத் தலைநகரத்துக்கே ரயில் நிலையம் கிடையாது.

டிக்கி நிறைய மாங்காய் ஏற்றிக்கொண்டு போனாராம். போகட்டும். மாம்பழக் கூழ் தொழிற்சாலை வாசலில் பெங்களூரா மாங்காயோடு டிராக்டர்கள் காத்துக் கிடப்பதையும் போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கலாம். பறித்த கூலிக்குக் கட்டாத வருஷம் எங்கள் தோப்பில் பழம் மரத்தடியிலேயே அழுகியிருக்கிறது. அதை எந்தக் கோடை இணைப்பிதழும் கேட்டு எழுதவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வார இணைப்பிதழில் இரண்டு குறிப்புகள் போடுங்கள். தொப்பூரில் இறங்கும்போது கியரைக் குறைத்து மெதுவாகப் போகச் சொல்லுங்கள், முடிந்தால் பகலில். எங்கள் பக்கம் விருந்துக்கு வருகிறவர்களை, பிள்ளைகள் குடிக்க இரண்டு கேன் தண்ணீர் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் அந்த மாமரத்தடிப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வீட்டின் மூத்த மருமகள்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.