இரண்டாவது கட்டியையும் தேடியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

துறைமுகத்தில் 30 ஆண்டுகள் சுமை தூக்கிய என் அப்பாவின் பெருங்குடலில் ஒரே நேரத்தில் இரு வேறு வகைப் புற்றுநோய்கள் இருந்தன. ஆறாவது கீமோவும் முடிந்து, ஸ்கேனில் நோயின் தடயம் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

மலத்தில் இரத்தம் போனதை மூலம் என்று சொல்லி ஒரு கிளினிக்கில் நான்கு மாதம் களிம்பு கொடுத்த கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. பழைய ஜெயில் சாலை அரசு மருத்துவமனையில் கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்த மருத்துவருக்கே என் முதல் நன்றி. குழாய், மலக்குடலுக்குச் சற்று மேலே உள்ள சிக்மாய்டு பகுதியை எட்டியதுமே கட்டி தெரிந்துவிட்டது. அத்துடன் அவர் நிறுத்தியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவரோ கட்டியின் ஓரமாகக் குழாயை மெல்லச் செலுத்தி, பெருங்குடல் தொடங்கும் இடம்வரை சென்று, அங்கே இன்னொரு வீக்கத்தைக் கண்டு, இரண்டிலிருந்தும் சதை எடுத்துத் தனித்தனிக் குப்பிகளில் அனுப்பினார். பெருங்குடல் புற்றுநோயாளிகள் 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 5 பேருக்கு அதே குடலில் இன்னொரு கட்டியும் இருக்கும் என்று பின்னர் விளக்கினார்.

அந்தச் சதையை ஆராய்ந்த, நாங்கள் முகம் பாராத நோய்க்குறியியல் மருத்துவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். முதல் குப்பியில் இருந்தது குடலின் உட்சுவர்ச் சுரப்பிகளில் தோன்றும் அடினோகார்சினோமா. இரண்டாவது, நிணநீர் அணுக்களில் தோன்றும் லிம்போமா என்பதைச் சிடி20 என்னும் அணுப் புரதத்தைத் தேடுவது உள்ளிட்ட சிறப்புச் சோதனைகள் காட்டின. இவ்விரண்டும் ஒரே குடலில் சேர்ந்திருப்பது மிக அரிது. அறுவையில் பெருங்குடலின் பெரும்பகுதியை அகற்றிச் சிறுகுடலை மலக்குடலோடு இணைத்தார்கள். முதல் நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாததால் அதற்கு அறுவையே போதும் என்றும், லிம்போமாவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து சேர்ந்த கீமோ வேண்டும் என்றும் முடிவாயிற்று.

காப்பீட்டுத் திட்ட மேசையில் இருந்த அக்கா, ஒரே ஆளுக்கு இரண்டு புற்றுநோய் என்ற தாளைப் பார்த்து எழுத்துப் பிழை என்றே நினைத்தார். உண்மை என்று தெரிந்ததும் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்தார். படகிலிருந்து இறங்கிய கையோடு இரத்தம் கொடுக்க வந்த காசிமேட்டுத் தம்பிகளை, தூங்காமல் கொடுக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு அவர்கள் மீண்டும் வந்தார்கள். கீமோவில், கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணு குறைந்திருந்தபோது நள்ளிரவில் காய்ச்சல் வந்தது. விடியும்வரை காத்திருக்கக் கூடாத காய்ச்சல் அது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டாமல் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்த்த ஆட்டோ அண்ணன், இன்றுவரை அந்தச் சவாரிக்குக் காசு வாங்கவில்லை.

பெற்ற பிள்ளைகள் என்பதால் எனக்கும் தங்கைக்கும் கொலனோஸ்கோபி செய்துகொள்ளச் சொன்னீர்களே, டாக்டர். வரும் வியாழக்கிழமை இருவரும் வருகிறோம்.

நன்றியுடன்,
ஒரு மகன்,
தண்டையார்பேட்டை