எந்தக் கட்டையை எரிக்கலாம் என்று எழுதி வையுங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கும், கரையோர ஊராட்சிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியக்காலம். கரைவலை இழுத்து முடியும் நேரம் பார்த்து, மீன் எடுக்க என் மதினி கூடையோடு கரைக்குப் போனார். எங்கள் பக்கம் மணலில் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. வழியில் மணலைத் தட்டிச் சமப்படுத்தினாற்போல் ஓர் இடம் இருந்தது. அதில் வலது காலை வைத்தார். மேலே இரண்டு விரற்கடை மணல், அடியில் கங்கு. முந்தின இரவு கூடாரம் போட்டுத் தங்கிய பிள்ளைகள் நெருப்பின்மேல் மணலை அள்ளிப் போட்டுவிட்டு, இருட்டோடு கிளம்பியிருந்தார்கள். உள்ளங்கால் கொப்பளித்துத் தோல் உரிந்தது. அப்புறம் இருபத்தைந்து நாள் மதினி மீன் விற்கப் போகவில்லை.

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மண்ணைப் போட்டால் நெருப்பு அணைந்துவிடும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். மண்ணுக்கடியில் கங்கு விடிய விடியக் கனன்று கிடக்கும் என்பது, கட்டையை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுகிற எங்கள் மாவட்டத்துக்காரனுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பத்தடியில் கடல் கிடக்கிறது. நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, கிளறிவிட்டு, மறுபடி ஊற்றி, சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருந்தால் போதும். அதைச் சொல்ல அங்கே ஆளும் இல்லை, பலகையும் இல்லை.

மதினியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அந்தச் சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். பாதி எரிந்த உருட்டுக்கட்டை ஒன்று கிடந்தது. வள்ளத்தைக் கரையேற்ற அடியில் போடுகிற கட்டை அது. பக்கத்துத் தெரு அண்ணனுடையது. பெயின்ட் அடித்த பழைய படகுப் பலகைத் துண்டு, ஆணியோடு. பச்சை ஊசியிலை வாடாமல் ஒட்டியிருந்த சவுக்குக் கிளை. அடுப்புக்குச் சுற்றிலும் வைத்திருந்த கல் மூன்றும் முருகைக்கல், அதாவது பவளக் கல். மணல்மேட்டில் முளைக்கிற இராவணன் மீசைப் புல், வேர் மண்ணோடு பிடுங்கிய கொத்து ஒன்று, பற்றவைக்க எடுத்திருப்பார்கள் போல.

இதில் ஒவ்வொன்றும் தொடக் கூடாதது. அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, கைக்கு எட்டியதை எடுத்தார்கள். இருட்டில் விறகு தேடுகிற யாரும் அதைத்தான் செய்வார்கள்.

தனுஷ்கோடியில் பொழுது சாய்ந்தால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் கடலோரம் ஓர் இரவு தங்க ஆசைப்படுகிறவர்கள் அரியமான், பிறப்பன்வலசை என்று இந்தப் பக்கம் வருகிறார்கள். வரட்டும். டீக்கடைக்கும் ஆட்டோவுக்கும் அவர்களால் நாலு காசு கிடைக்கிறது. ஆனால் வருகிறவர்களுக்கு நாம் கொடுப்பது என்ன? ஏதாவது நடந்தபிறகு 'தீ மூட்டாதே' என்று ஒரு சத்தம். அதற்கு முன்னால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, எங்கே மூட்டலாம், எப்படி அணைப்பது என்று யாரும் சொல்வதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-இலேயே தேசியப் பூங்காவாகிவிட்டன. அங்கே அனுமதியில்லாமல் கால் வைப்பதே குற்றம், சுள்ளி பொறுக்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மணல்மேடு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் கரை மூன்றையும் 2019-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பகுதிகளில் சேர்த்திருக்கிறது. எல்லாம் அரசிதழில் இருக்கிறது. மதுரையிலிருந்து பைக்கில் வருகிற பையன் அரசிதழ் படித்துவிட்டா வருவான்?

மணல்மேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் பார்வைக்குக் களைபோல இருக்கும். கச்சான் காற்று அள்ளிவரும் மணலைப் பிடித்து நிறுத்துவது அவைதான். ஒரு கொத்தைப் பிடுங்கினால் அந்த ஓட்டை வழியே காற்று புகுந்து மேட்டை அரிக்க ஆரம்பிக்கும். அதற்குப் பின்னால் நிற்கிற சவுக்குக்கும் இதே கதை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் பல இடங்களில் சவுக்கை வரிசையாக நட்டது அலைக்கும் புயலுக்கும் தடுப்பாகத்தான். அதன் அடியில் சருகு மெத்தைபோலக் கிடக்கும்; சித்திரை வெயிலில் ஒரு பொறி பட்டால் தோப்பே போய்விடும். காரங்காடு போன்ற அலையாத்திப் பக்கம் காய்ந்த கட்டையைக்கூட எடுக்க வேண்டாம். நண்டும் குஞ்சு மீனும் ஒதுங்குகிற இடம் அது. அலையாத்தி வகையில் தில்லை என்று ஒரு மரம் உண்டு, அதன் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். தெரியாதவர் எந்தக் கட்டையை எடுத்தார் என்று யார் கண்டது?

அப்புறம் ஆமை. தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை என்கிற கடலாமை இந்தக் கரையில் ஏறி, ஒரு குழியில் நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகும். ஐம்பது நாள் சுமாருக்குக் குஞ்சு வெளியே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டுக் கரையில் கடல்தான் வெளிச்சம். கரையில் ஒருவன் நெருப்பு மூட்டியிருந்தால்? நான் சின்னப் பையனாக இருந்தபோது, மீன் சுடுவதற்கு நாங்களே மூட்டிய நெருப்பைப் பார்த்து ஒரு குஞ்சு ஊர்ந்து வந்ததைக் கண்டேன். அப்பா அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுபோய் ஈரமணலில் விட்டார். திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் நெருப்பில் தண்ணீர் ஊற்றினார். பாதி வெந்த மீனோடு வீட்டுக்குப் போனோம்.

ஆக, தை பிறந்ததிலிருந்து கடைசிக் குஞ்சும் வெளியேறும் வைகாசி முடியும் வரை ஆமைக் கரைகளில் நெருப்பே வேண்டாம். மற்ற மாதங்களில், மற்ற இடங்களில் வழி இருக்கிறது. அந்த வழி நம் மாவட்டம் முழுக்க முள்ளோடு நிற்கிறது: சீமைக்கருவேலம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்ன மரம். கண்மாயிலும் வரப்பிலும் பட்டா நிலத்திலும் படர்ந்து, கிளையை வெட்ட வெட்டத் தூரிலிருந்து துளிர்க்கிற மரம். நின்று எரியும், கங்கு நன்றாகப் பிடிக்கும். முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் இதை நம்பிக் கரி சுட்டே பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் இதையும் வருகிறவர்களே போய் ஒடிக்கட்டும் என்று விடக் கூடாது. முள் ஏறினால் சீழ் வைக்கும். இருட்டில் சீமைக்கருவேலத்துக்கும் நாட்டுக்கருவேலத்துக்கும் குடைவேலத்துக்கும் அவர்களுக்கு வித்தியாசமும் தெரியாது.

நான் கேட்பது இது. கூடாரம் போட அனுமதிக்கிற இடத்து வாசலிலேயே விறகுக் கட்டு விற்கட்டும். பக்கத்து ஊர் மகளிர் குழுவுக்கு அந்த உரிமையைக் கொடுங்கள். முள் கழித்து, முழ நீளத்தில் வெட்டி, ஓர் இரவுக்குப் போதுமான அளவில் கட்டிய சீமைக்கருவேலம். வெளியிலிருந்து விறகு கொண்டுவருவதும், கரையில் பொறுக்குவதும் இரண்டும் கூடாது என்று வைத்துவிட்டால் குழப்பமே இல்லை. அமெரிக்காவில் பல பூங்காக்களில் இப்படித்தான். 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடித்த ஒரு வண்டு விறகுக் கட்டைக்குள் ஒளிந்து ஊர் ஊராகப் போய்க் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைச் சாகடித்தது. அதிலிருந்து, எரிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே விறகு வாங்கு என்று அங்கே சொல்கிறார்கள். நமக்கு அந்த வண்டு இல்லை, ஆனால் அந்த ஏற்பாடு நமக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். இந்த விதி வருகிறவர்களுக்கு. தலையில் சும்மாடு வைத்துச் சுள்ளிக் கட்டு சுமந்து வருகிற எங்கள் ஊர்ப் பெண்கள்மேல் இது பாயக் கூடாது. என் அப்பத்தா ஒரு குச்சியை எடுத்தால் முதலில் வளைத்துப் பார்ப்பார். சடக்கென்று ஒடிந்தால் கட்டில் சேர்ப்பார், வளைந்து கொடுத்தால் விட்டுவிடுவார். அப்படிப் பொறுக்கி ஒரு தோப்பும் அழிந்ததில்லை. வார இறுதியில் ஐம்பது பேர் வந்து ஒரே இரவில் எரிப்பது வேறு கணக்கு.

நெருப்பு மூட்டுகிற இடத்தையும் நீங்களே காட்டிவிடுங்கள். அலைக்கோட்டுக்கு மேலே, மணல்மேட்டுக்கும் சவுக்குக்கும் எட்டாத இடத்தில் இரண்டு மூன்று சிமென்ட் தொட்டி, பக்கத்தில் ஒரு வாளி. வாடைக்காற்று அடிக்கிற நாளில் அதுவும் வேண்டாம். கூடாரம் போடுகிறவர் பெயர் எழுதுகிற இடத்திலேயே, கிளம்பும்போது சாம்பலைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றும் சொல்லிவிடலாம்.

பலகை தமிழில் இருக்கட்டும், எழுத்து பெரிதாக இருக்கட்டும், படமும் இருக்கட்டும். சட்டப் பிரிவு எண் கீழே சின்னதாக இருந்தால் போதும். 'மணலால் மூடாதீர்கள், கடல் தண்ணீர் ஊற்றுங்கள்' என்ற வரி முதலில் வரவேண்டும்.

மதினி இப்போது நடக்கிறார், ஆனால் கரைக்குப் போகும்போது செருப்புப் போட்டுக்கொண்டு போகிறார். அடுத்த தைக்குள் பலகை வந்துவிட்டால் நல்லது. குழி தோண்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள்; எங்கள் தெருவிலிருந்து நாலு பேர் கடப்பாறையோடு வருகிறோம்.

இப்படிக்கு,
உச்சிப்புளிப் பக்கத்துக் கரையூர்க்காரன் ஒருவன்