நம்ம வாசகசாலை ஆண்டறிக்கை: கோஷமும் சுவரொட்டியும்

தலைவர் அண்ணாச்சிக்கும் வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு, சந்தா பாக்கி உள்ளவங்க அவர்கிட்ட பேசிக்கோங்க. கூரை ஒழுகுனது சரி பண்ணியாச்சு.

இந்த வருஷம் நம்ம உழைப்பு முழுக்க போனது சுதந்திரப் போராட்ட காலத்து கோஷம், நோட்டீஸ், சுவரொட்டி கண்காட்சிக்குத்தான். தூத்துக்குடில இருந்துக்கிட்டு இத நாம செய்யலன்னா வேற யாரு செய்வா? 1908ல நம்ம ஊரு கோரல் நூல் மில் ஸ்ட்ரைக் முடிஞ்ச சூட்டோட, வங்காளத் தலைவர் பிபின் சந்திர பால் ஜெயில்ல இருந்து விடுதலையானத கொண்டாடக் கூடாதுன்னு தடை இருந்தும் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டாங்க, மார்ச் 12ல அவங்கள புடிச்சு உள்ள வெச்சதும் மறுநாள் திருநெல்வேலி தெருவுல வந்தே மாதரம்னு ஜனம் இறங்கிடுச்சு, துப்பாக்கிச் சூட்டுல நாலு உயிர் போச்சு. ரெண்டே வார்த்தைதான், ஆனா அதுக்காகவே 1906ல வங்காளத்துல பாரிசால் மாநாட்டுக்கு வந்தவங்கள போலீஸ் லத்தியால அடிச்சிருக்கு.

1928ல வந்த சைமன் கமிஷன எதிர்த்துப் போட்ட ‘சைமனே திரும்பிப் போ’ கோஷத்துக்கு ஒரு பகுதியும் வெச்சிருந்தோம். அந்தக் கோஷம், அப்புறம் 1942ல ‘வெள்ளையனே வெளியேறு’, ரெண்டுமே பம்பாய் சோஷலிஸ்ட் தலைவர் யூசுப் மெஹர் அலி குடுத்ததுன்னு பலருக்கு இங்க வந்துதான் தெரிஞ்சுது.

எனக்கு மனசுல நின்னது ஒரு உறுப்பினர் வீட்டுப் பரண்ல கெடச்ச 1942 நோட்டீஸ். ஒரு பக்கம்தான் அச்சு, பின்னாடி காஞ்ச பசைத்தடம், ஒரு மூலை செல்லரிச்சுப் போச்சு, அடியில அச்சகப் பேரே இல்ல. அதத்தான் எல்லாரும் பாக்கணும். அப்போ இருந்த 1867 அச்சகச் சட்டப்படி அச்சகப் பேரும் ஊரும் போட்டே ஆகணும், போட்டா போலீஸ் நேரா அச்சகத்துக்கே வந்துரும், போடலன்னா அதுவே குற்றம், இப்படி எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்குவோம்னு தெரிஞ்சேதான் யாரோ ஒரு கம்பாசிட்டர் எழுத்துக் கோத்திருக்காரு. மேடையில பேசுனவங்களுக்கு செலை இருக்கு, இவர் பேரு எந்தத் தியாகி பட்டியல்லயும் வராது. எனக்கு இது ரொம்ப வருத்தம்.

அதனால வர்ற வருஷம் பழைய அச்சகக் குடும்பங்களத் தேடிப் போய் பேசி பதிவு பண்ணலாம்னு செயற்குழு முடிவு பண்ணிருக்கு, ரெக்கார்டர் வாங்க மட்டும் ஒப்புதல் குடுங்க. வீட்டுல பழைய நோட்டீஸ் இருந்தா தயவுசெஞ்சு லேமினேட் பண்ணாதீங்க, அப்படியே கொண்டு வாங்க, ஸ்கேன் பண்ணிட்டு அன்னைக்கே கையில திருப்பிக் குடுத்துருவோம்.

செயலாளர்