தானே புயலில் எங்களுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இந்த மடலை எழுதச் சொன்னது என் அம்மா. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதன் பிறகு தென்பெண்ணை கரைபுரண்டு கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மக்களுக்கு அனுப்ப எங்கள் தெருவில் போர்வையும் அரிசியும் சேர்த்தார்கள். அம்மா தம் பங்கைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "நமக்குச் செய்தவர்களுக்கு நாம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றார். சொல்ல வேண்டியவர்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவே, காடாம்புலியூர்ப் பக்கம். செம்மண் பூமி, எங்கு பார்த்தாலும் முந்திரித் தோப்பு, இடையிடையே பலா. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது நான் ஏழாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று என்று பிறகு செய்தித்தாளில் படித்தோம். எங்களுடையது கீற்று வேய்ந்த மண்சுவர் வீடு. கூரை போன பிறகு மழையில் ஊறிய சுவர் எவ்வளவு நேரம் நிற்கும்? நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது, அடுப்படி மூலையில் இடுப்பளவுச் சுவரும் அதன்மேல் சாய்ந்து கிடந்த வேப்பமரமும்தான் மிச்சம்.

முதல் நன்றி கிழக்குத் தெரு மாடி வீட்டு ஆயாவுக்கு. அவர் இப்போது இல்லை; பிள்ளைகள் படிக்கட்டும். கூரை பிய்யத் தொடங்கியதும் அப்பா எங்களை இழுத்துக்கொண்டு ஓடியது அந்த வீட்டுக்கு. அதற்கு முன்பு நாங்கள் அந்தத் திண்ணையைத் தாண்டியதில்லை. கூலி வாங்கப் போனாலும் வாசலில்தான் நிற்போம். ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை. அன்று கதவைத் திறந்த ஆயா, யார் என்று கேட்காமல் "எத்தனை பேர்?" என்று கேட்டார். பொழுது விடிவதற்குள் அந்தக் கூடத்தில் எங்கள் தெருவே இருந்தது. ஆபத்துக்குச் சேர்ந்தவர்கள் வெயில் அடித்ததும் பழையபடி ஆகிவிடுவார்கள் என்பார்கள். பலர் அப்படித்தான் ஆனார்கள். ஆயா ஆகவில்லை. அதன்பின் அம்மா அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் உள்ளே போய்த்தான் உட்கார்ந்தார்.

வடலூர் தருமசாலைக்கும் நன்றி. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றும் அணையாமல் எரிகிறது. எங்கள் வீட்டில் உலை வைக்கப் பாத்திரமே இல்லாதிருந்த நாட்களில், அப்பா என்னையும் தம்பியையும் அங்கே அழைத்துப் போனார். தம்பி இன்னொரு முறை பந்தியில் உட்காரலாமா என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

உதவி கொடுத்தவர்களிலும் இரண்டு விதம் உண்டு. அரிசிப் பையைக் கையில் பிடிக்கச் சொல்லி, பதாகைக்கு முன் நிற்கவைத்து, சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை நிற்கச் சொன்னவர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் நன்றி, அந்த அரிசியைத்தான் பொங்கித் தின்றோம். ஆனால் புதுச்சேரியிலிருந்து ஒரு வேனில் வந்து, தார்ப்பாயை இறக்கிக் கொடுத்ததோடு நில்லாமல், கழி நட்டு, கயிறு இழுத்துக் கட்டி, இருட்டும்வரை இருந்துவிட்டுப் போன நான்கைந்து இளைஞர்களை அம்மா இன்றும் சொல்கிறார். ஒரு புகைப்படம்கூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இன்று அடையாளம் சொல்லவாவது உதவியிருக்கும்!

வீட்டைவிட எங்களை முறித்தது தோப்புதான். இருந்தது ஓர் ஏக்கர். முந்திரி அத்தனையும் வேரோடு சாய்ந்துவிட்டது. தாத்தா வைத்த இரண்டு பலாவும் விழுந்தன. முந்திரி ஒட்டுக்கன்று வைத்தாலும் காய்ப்புக்கு மூன்றாண்டு, நல்ல மகசூலுக்கு இன்னும் சில ஆண்டு. பலாவுக்கோ சொல்லவே வேண்டாம். மாவட்டமே விழுந்து கிடந்ததால் மரத்துக்கு விலை இல்லை. விறகு விலைக்குக் கேட்டுக்கொண்டு லாரிகள் சுற்றின. அப்பாவும் தலையாட்டிவிட்டார். அந்த நேரத்தில் வந்த நெல்லிக்குப்பத்து மரக்கடை பாய், பலா மரத்தின் அறுத்த முகத்தைக் கையால் தடவி, உள்ளே இருந்த மஞ்சள் வைரத்தைப் பார்த்தார். "இது வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் அண்ணே, அடுப்புக்கு அனுப்பாதீங்க" என்றார். அவர் கொடுத்த விலையில்தான் கிணற்று மோட்டார் பழுது பார்த்தோம், கன்று வாங்கினோம். பேரம் பேசத் தெம்பில்லாத மனிதரிடம் வந்து, தாமாகவே விலையை ஏற்றிக் கொடுத்த வியாபாரியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அடுத்தவர் முந்திரி ஆலை வைத்திருந்த அக்கா. எங்கள் பகுதி ஆலைகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொட்டை வரும். அதனால் மரங்கள் செத்தாலும் உடைக்கிற வேலை சாகவில்லை. ஆனால் ஆலைக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது, மின்சாரமும் இல்லை. எல்லோருக்கும் கொடுக்கிற அளவுக்கு அவரிடம் கொட்டை இல்லை. இருந்ததைப் பங்கிட்டு, வீடு இழந்தவர்களுக்கு முதலில் என்று மூட்டைகளைத் தார்ப்பாய்க் குடிசைகளுக்கே அனுப்பினார். அம்மா அதைக் கல்லில் வைத்துக் கட்டையால் உடைப்பார். ஓடு ஒரே அடியில் பிளக்க வேண்டும், உள்ளே பருப்பு உடையக்கூடாது. முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. ஓட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் தோலை வேக வைத்துவிடும் என்பதால் கையெல்லாம் சாம்பல் பூசிக்கொள்வார். மண்ணெண்ணெய் விளக்கில் அந்தச் சாம்பல் கையோடுதான் எனக்குப் பாடம் கேட்பார். உடைந்த பருப்பை எடைக்குப் பிடிக்காமல் எங்களிடமே விட்டுவிடுவார் அந்த அக்கா.

பள்ளி திறந்தபோது சீருடை இல்லாமல் பாவாடை சட்டையில் போனேன். வகுப்பாசிரியை ஒன்றும் கேட்கவில்லை. புத்தகமும் அவர் மூலமே கிடைத்தது. பின்னர் கூரை வீட்டுக்குப் பதில் அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீட்டுப் பட்டியலில் எங்கள் பெயர் முதலில் விடுபட்டபோது, மனு எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அப்பாவோடு கூடவே வந்த கிராம உதவியாளருக்கும் நன்றி. இன்று நாங்கள் இருப்பது அந்த வீட்டில்தான்.

கடைசியாக, மின்வாரிய ஊழியர்கள். கடலூர் மாவட்டத்தில் கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்ததால் வெளிமாவட்டங்களிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த குழு திண்டுக்கல் பக்கம் என்றார்கள். தோப்புக்குள் வண்டி போகாது. விழுந்த மரங்களை வெட்டி வழி செய்து, சிமெண்ட் கம்பத்தைக் கயிற்றில் கட்டி, மூங்கில் கொடுத்து, தோளில்தான் சுமந்து போனார்கள். எங்கள் ஊர் ஆண்களும் தோள்கொடுத்தார்கள். பொங்கல் அன்றும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தெருப் பெண்கள் சேர்ந்து, ஆயா வீட்டு வெண்கலப் பானையில், நிவாரண அரிசியில் அவர்களுக்குப் பொங்கல் வைத்தார்கள். அம்மா தம்மிடம் சேர்ந்திருந்த உடைந்த பருப்பையெல்லாம் அதில் கொட்டிவிட்டார். குழுவில் மூத்தவர், முழங்கையில் கட்டுப் போட்டிருந்தவர், ஒரு வாய் வைத்துவிட்டு, "ஊரில் ஒரு முந்திரி மரம் நிற்கவில்லை, பொங்கலில் அரிசியைவிட முந்திரி அதிகமாக இருக்கிறதே அம்மா!" என்றார். புயலுக்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஐயா, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வரி எழுதுங்கள். 2012-இல் வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. சித்திரையிலிருந்து ஆனி வரை எப்போது வந்தாலும் பலாப்பழம் உண்டு. முந்திரி உடையாததாகவே தருவதாக அம்மா சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
அம்மா, அப்பா, தம்பிக்காகவும் சேர்த்து,
வேப்பமரத்து வீட்டு மூத்த மகள்