வேட்டைப் பயணமும் பயணம்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பயணச் சிறப்பிதழில் வந்த வேட்டைக் கட்டுரையை எதிர்த்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் படித்தேன். காட்டுக்குள் போய் விலங்கைச் சுடுவதையும், ஒருவர் தன்னந்தனியாக நகரங்களை நடந்து பார்ப்பதையும் அடுத்தடுத்த பக்கங்களில் போட்டிருக்கிறீர்களே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இரண்டுக்கும் போனவள். வேட்டைக்குப் போயிருக்காவிட்டால் ஒரு நகரத்தில் தனியாக நடக்கும் துணிச்சல் எனக்கு வந்தே இருக்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் ஸ்வீடனில் இருந்தேன். அந்த நாட்டின் வடபகுதியில் செப்டம்பர் தொடக்கத்தில் மூஸ் வேட்டை ஆரம்பிக்கும். மான் இனத்திலேயே பெரியது மூஸ், வளர்ந்த ஆணுக்குத் தோள் உயரமே ஓர் ஆள் உயரம் இருக்கும். என்னோடு வேலை பார்த்த பெண்ணின் அப்பா எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு வேட்டைக் குழுவில் பல வருடங்களாக இருந்தார். துப்பாக்கியைத் தொட மாட்டேன், சும்மா கூட உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் சரி வா என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அதுவரை தனியாக ஒரு ரயில் பயணம்கூடப் போனதில்லை.

எதிர்ப்புத் தெரிவித்த வாசகர் நினைப்பதுபோல, தோன்றியவர்கள் எல்லாம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. 1985-லிருந்து அங்கே புதிதாக வேட்டைக்கு வருகிறவர் எழுத்துத் தேர்விலும் சுடும் தேர்விலும் தேற வேண்டும். அடிபட்ட விலங்கு ஓடிவிட்டால் அதைத் தேடப் பழக்கிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் சுட்ட இடத்துக்கு வந்து சேர ஏற்பாடு இருக்க வேண்டும். தாயை நம்பிய குட்டி கூடவே நின்றால் தாயைச் சுடக்கூடாது. முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று, ஐந்து மணி நேரம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்த பிறகு ஒரு பெண் மூஸ் குட்டியோடு எங்கள் எதிரே வந்து நின்றது, பெரியவர் துப்பாக்கியை மடியிலிருந்து எடுக்கவே இல்லை, அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கால் மரத்தது, குளிர் ஏறியது, எப்போது முடியும் என்றிருந்தது. அப்புறம் மெல்ல மெல்லக் காது திறந்துகொண்டது. எந்தச் சத்தம் இலை விழுவது, எந்தச் சத்தம் காலடி என்று பிரிந்து கேட்க ஆரம்பித்தது. பெரியவர் பஞ்சு மாதிரி இருந்த ஒரு செடியின் விதையை அவ்வப்போது பறக்கவிட்டுக் காற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலே போகும், பொழுது சாய்ந்தால் குளிர்ந்த காற்று கீழே இறங்கும், நம் வாடை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாமல் காட்டில் உட்காரவே கூடாது என்றார். கண்ணைக் கூசும் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டிருந்தோம். விலங்குக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்டேன். மான் இனத்துக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வராதாம், அந்தத் தொப்பி மற்ற வேட்டைக்காரர்கள் நம்மைப் பார்ப்பதற்கு.

அன்று மதியம்தான் நான் வழி தவறினேன். சற்று ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவள், நூறு அடிகூடப் போயிருக்க மாட்டேன், திரும்பிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரம். வானம் மூடியிருந்தது, சூரியன் எங்கே என்று தெரியவில்லை. நேராகத்தான் நடக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன், இருபது நிமிடம் கழித்து நான் ஏற்கெனவே மிதித்த அதே சதுப்பில் அதே கால்தடத்தின் முன்னால் நின்றேன். அப்போது வந்த பயத்தை என்னால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது, ஓடு ஓடு என்றது. ஓடவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தபடி உட்கார்ந்து விசிலை ஊதினேன்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் சிலரைக் காட்டிலும், துனீசியாவின் சகாரா பாலைவனத்திலும் மணிக்கணக்கில் நடக்கவிட்டுப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். காட்டில் சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராக நடந்தவர்கள், மேகம் மூடியபோது வட்டமடித்திருக்கிறார்கள், வட்டமடிக்கிறோம் என்பதே தெரியாமல்.

பெரியவர் வந்தார். திட்டவில்லை. அங்கிருந்து எங்கள் இடத்துக்கு மெதுவாகக் கூட்டிப்போனார், ஐம்பது அடிக்கு ஒரு முறை என் தோளைப் பிடித்துத் திருப்பி, வந்த பாதையைப் பார்க்கச் சொன்னார். போகும்போது பார்த்த மரம் வேறு, திரும்பி வரும்போது பார்க்கிற மரம் வேறு, போகும்போதே பின்னால் பார்த்து வைத்தவர்தான் வீடு திரும்புவார் என்றார். அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள நான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் நாள் ஓர் ஆண் மூஸைச் சுட்டார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். நாய் அதை நிறுத்தி வைத்துக் குரைக்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது, பிறகு ஒரே ஒரு வெடி. கிட்டே போனபோது அந்தக் குளிரில் அதன் உடம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. யாரும் கூச்சல் போடவில்லை, சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சற்று தள்ளிப்போய் அழுதேன். இன்னொரு முறை போவாயா என்று கேட்டால் யோசிப்பேன். ஆனால் ஓர் உயிர் போவதை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததை எழுதக்கூடாது என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

மறு வருடம் இத்தாலியின் கால்வாய் நகரமான வெனிஸ் போனேன், தனியாக. முதல் நாள் முழுக்கக் கைபேசியைப் பார்த்தபடியே நடந்தேன், ஊரைப் பார்க்கவே இல்லை. அந்தச் சந்துகளில் சுவர்கள் அவ்வளவு நெருக்கம், செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் திரையில் நாம் இருக்கும் புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும். அந்தப் புள்ளியை நம்பிப் போய் இரண்டு முறை தண்ணீர்ப் படிக்கட்டில் முட்டி நின்றேன். வீட்டு எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது, நகரத்தை ஆறு வட்டாரமாகப் பிரித்து வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள், ஒரு வட்டாரத்தில் அது ஆறாயிரத்தைத் தாண்டும்.

இருட்டுகிற நேரம். ஒரு பாலத்தடியில் நின்றிருந்தேன், காட்டில் வந்த அதே பயம், அதே இடத்திலிருந்து. உடனே அடையாளம் தெரிந்துகொண்டேன். நடப்பதை நிறுத்தினேன், முதுகைச் சுவரில் வைத்துக்கொண்டு மூச்சு சீராகும்வரை நின்றேன், ஆட்கள் எந்தப் பக்கம் அதிகமாகப் போகிறார்கள், எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று கேட்டேன். ஊரின் நடுவே இருக்கும் ரியால்டோ பாலத்துக்கு வழிகாட்டும் பலகை கண்ணில் பட்டது, அதுவரை அதைப் பார்க்கவே இல்லை. விடுதிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அடுத்த மூன்று நாளும் கைபேசி பைக்குள்தான் இருந்தது. ஒவ்வொரு பாலத்தின் உச்சியிலும் நின்று திரும்பிப் பார்த்தேன், திரும்புகையில் எந்தச் சுவரில் எந்த ஜன்னல் தெரியும் என்று மனதில் வைத்தேன். ஒரு முறைகூட வழி தவறவில்லை. அந்த ஊரில் நானூறு பாலத்துக்கு மேல் இருக்கிறது, எத்தனையில் நின்றிருப்பேன் என்று எண்ணவில்லை.

பிற்பாடு டோக்கியோவிலும் அதே பழக்கம்தான் காப்பாற்றியது. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, முகவரி தெருவை வைத்து இருக்காது, கட்டடத் தொகுதியின் எண்ணை வைத்துத்தான்.

தனியாகப் போகும் பெண் என்றால் ஆளாளுக்கு ஒரு எச்சரிக்கை சொல்வார்கள், எனக்கும் சொன்னார்கள். பயந்துகொண்டே இரு என்பதுதான் அவற்றின் சாரம். பயம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்த வேட்டைக்காரர் ஒருவர்தான். நில், உட்கார், காற்றைப் பார், பின்னால் பார். தெருவுக்கு இது அப்படியே பொருந்துகிறது. யார் நம்மைத் தொடர்ந்து வருகிறார்கள் என்பதுகூட அடிக்கடி திரும்பிப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும்.

உங்கள் சிறப்பிதழ் பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு. நகரக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் எதைப் பார்க்கலாம், எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதுதான் இருந்தது. எழுதியவர்களில் ஒருவர்கூட எங்கே வழி தவறினார், எங்கே பயந்தார், எங்கே சும்மா உட்கார்ந்திருந்தார் என்று எழுதவில்லை. அடுத்துப் போகிறவருக்கு வேண்டியது அதுதானே? வேட்டைக் கட்டுரையில் மட்டும்தான் அது இருந்தது, ஈரமான சாக்ஸும், நாள் முழுக்கக் காத்திருந்து ஒன்றும் வராமல் திரும்பியதும், அதை நான் இரண்டு முறை படித்தேன்.

அதன் இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வரும் என்று போட்டிருந்தீர்கள். எதிர்ப்புக் கடிதத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அடிபட்ட மானின் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கட்டுரையாளர் தேடிப் போகிற இடத்தில் முதல் பகுதி முடிந்திருக்கிறது. அந்த விலங்கு கிடைத்ததா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி